இரண்டு கல் உப்பு

வேர்வையில் போவது வெறும் தண்ணீர் இல்லை, உப்பும் சேர்ந்துதான் போகிறது என்று கோமளவல்லிக்கு முதன்முதலில் சொன்னவள் அவள் மருமகள் தேன்மொழி. போன பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், கொல்லையில் துவைகல்லின் மேல் சாரநாதனின் கறுப்பு சைக்கிள் சட்டையை விரித்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது, தண்ணீர் வற்றின குட்டையில் கரை கட்டுமே அப்படி. சோப்புத்தூள் சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று கோமளவல்லி மறுபடி அலச வாளியை இழுத்தபோது, “சோப்பு இல்லத்தே, இது உங்க பிள்ளை” என்று சிரித்தாள். “உடம்புலேர்ந்து வந்த உப்பு. வேணும்னா நாக்குல வச்சுப் பாருங்க.” சீ போடி என்று சொல்லிவிட்டாளே தவிர, தேன்மொழி அந்தப் பக்கம் திரும்பினதும் கோமளவல்லி நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள்தான். கரித்தது. பெற்ற பிள்ளையின் உடம்புக்கு ஒரு ருசி இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது, கைக்குழந்தையாய் இருந்தபோது நெற்றியில் முத்தமிட்டால் உதட்டில் ஒட்டுமே, அதே ருசி. “இவ்வளவு வெளிய போச்சுன்னா திரும்ப உள்ள போகணும்ல” என்று துணியைப் பிழிந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள் தேன்மொழி, “வெறுந்தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா உள்ள மிச்சம் இருக்கிற உப்பும் நீர்த்துப் போயிடும். அப்புறம் தலைவலி, குமட்டல், மயக்கம். தண்ணி குடிக்காம விழறவங்களும் உண்டு, குடிச்சுக் குடிச்சே விழறவங்களும் உண்டு. அதான் பாட்டில்ல உப்பு போடச் சொல்றாரு.” கேட்டாள். நன்றாகக் காதில் வாங்கிக் கேட்டாள். கேட்கவில்லை என்று இப்போது யாரிடமும் சொல்ல முடியாது.

இப்போது என்றால் வைகாசித் திருவோணத்தன்று, திருநாகேஸ்வரத்தில், உப்பிலியப்பன் கோயில் வரிசையில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கும் இந்த நேரம். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதே அந்தப் பேச்சு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது, செருப்பைக் கழற்றும்போது கூடவே குனிந்தது, இப்போது வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிறது. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டரில் போட்டிருக்கிறான், அதை யார் போய் வெயிலிடம் சொல்வது. வாசலில் ஒருத்தர் ஒரு குழந்தையின் கையிலிருந்த முறுக்கை வாங்கி அப்பாவிடம் கொடுத்து, வெளியில் வைத்துவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தார், உப்புப் பண்டம் உள்ளே வரக் கூடாது என்று. குழந்தை அழுதது. கோமளவல்லிக்குத் தொண்டை வறண்டது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து அண்ணாந்து, வாயில் படாமல், ஒரு பீய்ச்சு பீய்ச்சிக்கொண்டாள். சாரநாதன் கழித்துப் போட்ட பழைய சைக்கிள் பாட்டில் அது, அமுக்கினால் குழையும், மூக்கிலிருந்து நேர்கோடாகத் தண்ணீர் வரும். எச்சில் படாமல் குடிக்க இதைவிட நல்ல சாமான் உண்டா என்று அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் அப்படிக் குடிக்க மாட்டான், ஓட்டிக்கொண்டே ஒரு கையால் உருவி, மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, வாயோடு வைத்து உறிஞ்சுவான், திரும்பக் குனியாமலே கால்களுக்கு நடுவில் அதன் கூட்டில் சொருகிவிடுவான். “என்னக்கா இது, பால்புட்டியாட்டம்?” என்றாள் பின்னால் நின்ற கிளிப்பச்சைப் புடவைக்காரி. “சைக்கிள்ல மாட்டுற பாட்டில்மா. என் பிள்ளையோடது.” “எத்தனாவது படிக்கிறான்?” “பேங்க்ல மேனேஜரா இருக்கான்.” அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். “மேனேஜரு சைக்கிள்லயா போறாரு? ஒரு காரு வாங்கிக்கக் கூடாது?” “கார் வீட்ல நிக்குது. ஞாயித்துக்கிழமையானா இப்படி. இன்னிக்கு அரியலூர் போயிட்டு வர்றான்.” “அரியலூர்ல என்ன ஜோலி?” “ஒரு ஜோலியும் இல்ல. போயிட்டுத் திரும்பி வரணும், அதான் ஜோலி.” கிளிப்பச்சை அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். “நல்லா வேண்டிக்குங்க அக்கா, சரியாயிடும்” என்றாள். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள், கோமளவல்லியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே பாட்டிலைப் பைக்குள் திணித்தாள், ஏனென்றால் இந்நேரம் அவன் ஜெயங்கொண்டத்தைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருப்பான், சிமெண்டு லாரிகள் ஒதுக்கித் தள்ளும் அந்தப் புழுதியில், கையில் கட்டின கடிகாரம் கிணுங் என்றதும் பாட்டிலை உருவியிருப்பான். தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிச்சிடணும்மா, தாகம் எடுத்தாச்சுன்னா அதுக்கப்புறம் எவ்வளவு குடிச்சாலும் பத்தாது. கிணுங் என்றால் குடிப்பான். மலை வந்தாலும் மழை வந்தாலும் குடிப்பான். சின்ன வயதிலிருந்தே சொன்னால் கேட்கிற பிள்ளை. கேட்காத பிள்ளையாக இருந்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்.

வரிசை இரண்டடி நகர்ந்து நின்றது. நேற்றுச் சாயங்காலம் இரண்டு பாட்டிலையும் அவள்தான் கழுவினாள், மூடியின் உள்பக்கம் வழவழவென்று பாசி மாதிரி பிடித்திருந்ததைத் தீக்குச்சியில் துணி சுற்றி எடுத்து, வெந்நீர் ஊற்றி, கவிழ்த்து வைத்தாள். விடிவதற்கு முன் அவன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னான், “அம்மா, ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல எலுமிச்சம்பழம் சர்க்கரை உப்பு. வழியில ரொப்பிக் கலக்கிக்கறதுக்குப் பொட்டலமும் கட்டிடு. உப்பு மறந்துடாத.” “இன்னிக்குத் திருவோணம்ப்பா.” “தெரியும்மா. சாப்பாட்டுல போடாத, பாட்டில்ல மட்டும் போட்டுடு. பெருமாளுக்கு கருடன்தான், சைக்கிள் இல்ல. அவருக்கு இதெல்லாம் தெரியாது.” அவள் சிரித்துவிட்டு, சரிப்பா என்றாள். அந்த சரிப்பாதான். எந்த வாயால் சொன்னாளோ அதே வாயால்தான் காலையில் பல்லாண்டு சொன்னாள். ஜாடியைத் திறந்தாள், கல் உப்பை உள்ளங்கையில் எடுத்தாள், ஈரக்கை. பாட்டிலின் வாய்க்கு மேலே கை போனது. அங்கே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, டயரில் காற்று ஏறுகிற சத்தம் மட்டும் புஸ் புஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கை திரும்பி ஜாடிக்குள் கவிழ்ந்தது. இரண்டு கல் மட்டும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. அதையாவது போட்டிருக்கலாம். அந்த இரண்டு கல்லையாவது. குழாயைத் திறந்து கழுவிவிட்டாள். கழுவிவிட்டு, இன்னொரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கூடப் பிழிந்தாள், எதற்கு, புளிப்பு தூக்கலாக இருந்தால் அவனுக்குத் தெரியாது என்றுதானே. பொட்டலங்களில் சர்க்கரை மட்டும் கட்டினாள். சர்க்கரையும் வெள்ளை, உப்பும் வெள்ளை, யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள். பெட்ரோமாக்ஸ் மாதிரி முன்விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று, வழியில் ஓட்டல் பலகாரம் தொடாதே, வாழைப்பழம் மட்டும் சாப்பிடு என்று வேறு சொல்லி அனுப்பினாள். சரிம்மா என்றான். அவனுடைய சரிம்மா நிஜமான சரிம்மா.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாமா. அறுபது தாண்டியாயிற்று, மறதி வராதா, போன வாரம்கூடப் பால் அடுப்பில் பொங்கி வழிந்தது. மறந்துபோனேன் என்றால் பெருமாள்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் மறந்த கை கழுவுமா, மறந்தவள் இன்னொரு பழம் பிழிவாளா. வேண்டுதல்தானே காரணம், அவளுக்காகவா வேண்டிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பேங்க்கில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான், பிரஷர் என்றார்கள், உடம்பு தூக்க முடியாத உடம்பு அப்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அவள் சொன்ன வார்த்தை அது, அப்பனே, இவனை எழுப்பிக் கொடு, ஒவ்வொரு திருவோணத்துக்கும் என் பிள்ளை உப்பு தொட மாட்டான். என் பிள்ளை என்று சொன்னாள். நான் என்று சொல்லியிருக்கலாம். தன் நாக்கை வைத்து வேண்டிக்கொள்ளாமல் பிள்ளையின் நாக்கை வைத்து வேண்டிக்கொண்டாள், அவனைக் கேட்காமலே. மகள் வகுளா திருப்பூரிலிருந்து ஃபோனில் கேட்டாள்கூட, “வேண்டிக்கிட்டது நீ, சாப்பிடறது அவனா? நல்ல கதையா இருக்கே” என்று. அவன் எழுந்தான், அதற்கப்புறம்தான் இந்த சைக்கிள் வந்தது, உடம்பு வடிந்தது, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். சைக்கிள்தான் காரணம் என்று அவன் சொல்வான், பெருமாள் என்று அவள் சொல்வாள், இரண்டும் ஒன்றுதானே என்று தேன்மொழி சமாதானம் பண்ணுவாள். பிரஷர்காரனுக்கு உப்பு ஆகாது, இன்றைக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் நல்லதுதான் என்றுகூடக் காலையில் ஒரு சாக்கு கையோடு வந்து நின்றது. எல்லா சாக்கும் வந்தது. ஆனால் உள்ளுக்குள் இருந்தது சாக்கு இல்லை, பயம். ஒரு மாதம் விட்டால் பழைய நாற்காலியிலிருந்து பிள்ளை மறுபடி சரிவான் என்கிற பயம். அந்தப் பயத்தைத்தான் அவள் இரண்டு பாட்டிலிலும் ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

பையில் வைத்திருந்த ஃபோன் அதிர்ந்தது. தேன்மொழி. கோமளவல்லி தலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு மெல்ல எடுத்தாள். “அத்தே, கோயில்லயா இருக்கீங்க? பயப்படாதீங்க. அவருக்கு அடிச்சேன், எடுக்கல. கூடப் போன ஹாஜாவுக்கு அடிச்சா, மீன்சுருட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில உக்காந்திருக்காங்களாம். இவருக்குத் தலைவலியாம், குமட்டுதாம், விரல் வீங்கி மோதிரம் இறுக்குதாம். வெயில்ல தண்ணி பத்தலை போலிருக்கு, நிறைய குடுங்கன்னு சொல்லியிருக்கேன். ஒரு வண்டி புடிச்சு ஏத்திடச் சொன்னேன். நீங்க வேண்டிக்குங்க.” நிறைய குடுங்க என்று சொல்லியிருக்கிறாள். பாட்டிலில் உப்பு இருக்கிறது என்று நம்பிச் சொல்லியிருக்கிறாள். உலகத்திலேயே அந்தத் தண்ணீரில் என்ன இல்லை என்று தெரிந்தவள் ஒருத்திதான், அவள் இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சொல்லு, இப்போது சொல்லு. “அத்தே, கேக்குதா?” “வேண்டிக்கிறேம்மா” என்றாள். தேன்மொழி ஃபோனை வைத்துவிட்டாள். வேண்டிக்கிறேனாம். வரிசை கடகடவென்று நகர்ந்து அவளைத் தள்ளிக்கொண்டு போனது, துளசியும் கற்பூரமும் கலந்த அந்தக் குளிர்ச்சி முகத்தில் பட்டது, இன்னும் நாலைந்து பேர்தான், தலைக்கு மேல் தலையாக உள்ளே விளக்கு தெரிந்தது. அப்போது எங்கிருந்தோ அந்தப் பழைய நர்சம்மா நினைவில் வந்து நின்றாள். ஸ்டெல்லா என்று பேர், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாள், சாரநாதன் தவழ்கிற வயதில் பேதியாகிக் கண் உள்ளே போய்க் கிடந்தபோது தம்ளரில் சர்க்கரையும் உப்பும் போட்டுக் கலக்கிக் கொடுத்தவள். “வெறுந்தண்ணி கூடாது. உப்பு இருக்கணும், அதிகமும் கூடாது. நீ வாயில வச்சுப் பாரு, கண்ணீர் அளவுக்குக் கரிக்கணும், அவ்வளவுதான்.” அளவு பார்க்க அன்றைக்கு அவள் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை, உதட்டு ஓரத்திலேயே வந்து நின்றது. ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். பிழைத்தான். அப்படியானால் முதன்முதலில் சொன்னவள் தேன்மொழி இல்லை. போன பங்குனியில் இல்லை. அவன் பிறந்த வருஷத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். தெரிந்த இடத்தை மூடி வைத்துவிட்டு, மருமகள் இப்போதுதான் சொன்னாள் என்று தனக்கே கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திரை விலகி மணி அடித்தது. முன்னால் ஒரு அப்பா தோளில் இருந்த குழந்தைக்குக் கதை சொன்னார், பூமாதேவி குட்டிப் பொண்ணு, சமையல்ல உப்பு போடணும்னு அதுக்குத் தெரியாது, அதனால பெருமாள் பரவாயில்ல எனக்கு உப்பே வேண்டாம்னுட்டாரு. கோமளவல்லி நூறு தடவை கேட்ட கதை. ஒவ்வொரு தடவையும் கண் நிறையும், உப்பு போடத் தெரியாத பெண்ணுக்காகக் காலத்துக்கும் உப்பில்லாமல் சாப்பிடுகிறவர். இன்றைக்குக் கண் நிறையவில்லை. அது தெரியாத பிள்ளை, பெருமாளே. எனக்குத் தெரியும். தெரியாதவளுக்காக நீ விட்டுக்கொடுத்தாய், தெரிந்தவளை என்ன செய்வாய். நான் கொடுத்த வாக்குக்கு அவன் நாக்கை ஏன் வாங்கிக்கொண்டாய் என்று உன்னைக் கேட்க முடியாது, நீயா கேட்டாய், நான்தானே நீட்டினேன். அவள் குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்தாள். “அக்கா, அக்கா, இன்னும் ரெண்டே பேரு, எங்க போறீங்க?” என்று புடவையைப் பிடித்தாள் கிளிப்பச்சை. “ஒரு ஃபோன் பண்ணணும்மா.” “சாமியப் பாத்துட்டுப் பண்ணக் கூடாதா?” “கூடாதும்மா” என்று சொல்லிக்கொண்டே அவள் எதிர்த்து வருகிற கூட்டத்தில் பக்கவாட்டில் நுழைந்து, இடித்து, மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு, வெயில் கொதிக்கிற பிராகாரக் கல்லில் கால் சுட வந்து நின்றாள். தேன்மொழியைக் கூப்பிட்டுச் சொல்லி, தேன்மொழி ஹாஜாவைக் கூப்பிட்டுச் சொல்லி, அதற்குள் இன்னொரு பாட்டில் உள்ளே போயிருக்கும். சாரநாதனே அவள் ஃபோனில் நம்பர் போட்டுக் கொடுத்திருந்தான், ஹாஜா சைக்கிள் என்று. கட்டைவிரல் வேறு எதையோ தொட்டது. மறுபடி தொட்டாள்.

“அம்மா, சொல்லுங்கம்மா. ஒண்ணும் பயப்படாதீங்க, உக்காந்துதான் இருக்காரு. பேசறாரு, கொஞ்சம் கொழப்பமாப் பேசறாரு. வண்டி வந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பாட்டிலும் காலி, என் பாட்டிலையும் குடுத்துட்டேன், இன்னும் ஒண்ணு ரொப்பி அந்தப் பொட்டலத்தையும் கலக்கி—” “குடுக்காதப்பா.” “என்னம்மா?” “தண்ணி குடுக்காத. அந்த எலுமிச்சம்பழத்துல உப்பு இல்ல. பொட்டலத்துலயும் இல்ல, வெறும் சர்க்கரை. காலையிலேர்ந்து அவன் உடம்புக்குள்ள உப்பே போகல.” அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஹாஜா நல்ல பிள்ளை, மொபைல் கடை வைத்திருக்கிறவன், ரம்ஜானுக்கு அவள் வீட்டுக்கு வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போகிறவன். “மறந்துட்டீங்களாம்மா?” என்றான், மெதுவாக, அவளுக்காகவே கதவைத் திறந்து வைக்கிற மாதிரி. ஆமாம் என்று சொன்னால் போதும், ஒரு எழுத்து மிச்சமில்லாமல் எல்லாம் அதற்குள் போய்விடும், பிள்ளையும் சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு வயசாயிடுச்சு என்பான். உள்ளங்கையைப் பார்த்தாள். கழுவின கை, ஒன்றுமில்லை, இரண்டு கல் இருந்த இடம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. “மறக்கலப்பா” என்றாள். “போடல. அவன் போடச் சொன்னான், நாந்தான் போடல. அவங்கிட்டயும் டாக்டர்கிட்டயும் அப்படியே சொல்லிடு.” கன்னத்தில் வழிந்து உதட்டோரத்துக்கு வந்ததை நாக்கு தொட்டது. அதே அளவு. “சரிம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றான். “வண்டி வர்ற வரைக்கும்… அங்க பக்கத்துல யாராவது வெள்ளரிப்பிஞ்சு விக்கிறாங்களாப்பா?” “ஒரு அம்மா உக்காந்திருக்காங்க.” “அவங்க கிட்ட உப்பு இருக்கும். கொஞ்சம் வாங்கி அவன் நாக்குல வையிப்பா.”